பதினொன்றில் ஒன்று: ராமாமணி டீச்சருக்கு ஆசிரியர்கள் அளிக்கும் பாராட்டு மடல்

இன்னும் ஒரு மணி நேரமும் இருபது நிமிடமும் இருக்கின்றன.

மண்ணையும் மாணவரையும் ஒன்றாய் மதித்த மாண்பே! மாசு எங்கிருந்தாலும் மறைக்காமல் அளந்த மதியே! செம்பருத்தியைச் சாறாக்கிச் சிறுவர் சிந்தையைச் செழிக்க வைத்த செல்வமே! சோமனூர்த் தறிச் சத்தத்துக்கும் தாழாத தனிக்குரலே! எங்கள் ராமாமணி டீச்சரே! வணக்கம்.

இந்த விளிகள் தமிழாசிரியர் ஆறுச்சாமி ஐயா எழுதித் தந்தவை. மிச்சத்தையும் அவரையே எழுதச் சொன்னோம். "சோதனையெல்லாம் உங்க பாடமுங்க அம்மணி, எனக்கு அடைமொழிதானுங்க வரும்" என்று பேனாவை மூடிவிட்டார். ஆகவே இதற்குமேல் மோனை குறைவு. பொறுத்தருள்க.

ஐந்து மணிக்கு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். அதற்குள் ஒன்பதாம் வகுப்புச் சுற்றுச்சூழல் அறிவியலின் அடுத்த ஆண்டுச் செய்முறைகளும் முடிவாக வேண்டும். பாடவேளைகள் பத்து, சோதனைகள் பதினொன்று. எது வேண்டாம் என்று நாங்கள் சொல்லாவிட்டால் சீட்டுக் குலுக்கி ஒன்றை நீக்குவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சுருட்டிய சீட்டுகள் உங்கள் சாப்பாட்டு டப்பாவில் தயாராக இருப்பதையும் பார்த்தோம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக உங்களுக்கு ஒரே விதி. "புள்ளைங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம கை படோணும்." அதனால் இந்தப் பள்ளியில் மண்ணைப் பாட்டிலில் குலுக்காத வரலாற்று ஆசிரியர் இல்லை. கிணற்று நீரை வடிகட்டாத எழுத்தர் இல்லை. விடை முன்பே தெரிந்த சோதனை எதையும் நீங்கள் சேர்த்ததில்லை. "தெரிஞ்ச விடைக்கு எதுக்குக் கண்ணு ஒரு பீரியடு?" என்பீர்கள்.

ஒலி அளக்கும் சோதனையை நினைக்கிறோம். செல்போனில் அளந்தபோது பக்கத்துத் தறிக்குடோனைவிட உடற்கல்வி ஆசிரியர் கவின் சாரின் விசில் அதிகம் காட்டியது. "அது ஒழுக்கத்துக்கு ஊதறதுங்க டீச்சர், கணக்குல வராதுங்க" என்றார் அவர். "காதுக்கு அது தெரியாதுங்களே சார்" என்று நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.

தூசுச் சோதனை இன்னும் பெரிது. வாஸ்லின் தடவிய வெள்ளை அட்டைகளைக் கேட்டில் தொங்கவிட்டோம். ஒரு வாரத்துக்குப் பின் அவற்றில் ஒரு பஞ்சிழைகூட இல்லை. இவ்வளவு தறிகளுக்கு நடுவே நம் கேட்டில் மட்டும் மலைக்காற்று வீசுவதாக முடிவு வந்தது. பிறகுதான் தெரிந்தது, வாட்ச்மேன் பொங்கியண்ணன் தினமும் காலையில் அட்டைகளைத் துடைத்து, மறுபடி வாஸ்லின் தடவியும் வைத்திருக்கிறார். "நாலு பேர் வந்து போற வாசலுங்க. பஞ்சு ஒட்டிக் கெடந்தா நல்லாவா இருக்குதுங்க?" என்றார். நீங்கள் கோபிக்கவில்லை. அட்டையை விட்டுவிட்டு அவருடைய துடைப்புத் துணியைப் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள். ஒரு வாரத் தூசும் அதில் இருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் கற்றதைப் புத்தகம் கற்றுத் தராது.

ஜனவரியில், ஆசிரியர் அறையின் மூலையில், உங்கள் மேசைக்குப் பக்கத்தில், பதினொன்றில் ஒன்றாக, சாப்பாட்டு மிச்சத்தை மட்கவைக்கும் உரத்தொட்டி வந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் "இன்னிக்கு அதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? உம்மல் குல்சும் டீச்சர் அதற்கென்றே தனி டப்பாவில் தயிர்சோறு கொண்டுவந்தார். "நேத்துக் குடுத்தது பத்தலீங்களோ என்னமோ" என்று கணக்கு ஆசிரியை செவ்வந்தி சாம்பாரும் ஊற்றினார். வீட்டுக்கு வந்த சம்பந்தியைக்கூட நாங்கள் இப்படிக் கவனித்ததில்லை. காய்ந்த சருகு போட இடமே இருக்கவில்லை.

பதினொன்றும் செய்து பார்த்தாயிற்று. எது வேண்டாம் என்று சென்ற வாரம் கேட்டீர்கள். "எல்லாமே நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்றோம். தனித்தனியாகக் கேட்டீர்கள். தனித்தனியாகவும் அதையே சொன்னோம். அப்போது உங்கள் முகம் மாறியது. "ஒம்பதாவது புள்ளைங்க 'இது வரலீங்க டீச்சர்'னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுதுங்க. அதைச் சொல்ல வெக்கத்தானுங்க இத்தனை வருசம் கத்துனேன். நீங்க ஒருத்தராச்சும் சொல்லப்படாதுங்களா?" என்றீர்கள். அன்று யாரும் தேநீர் குடிக்கவில்லை.

சீட்டில் தூசு அட்டை போய்விட்டால் என்ன செய்வது? மண் பாட்டில் போய்விட்டால்? இதற்கு மேலும் மௌனமாக இருப்பது மரியாதை ஆகாது என்று நேற்றுக் கூடிப் பேசினோம். "வயசுல மூத்தவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார் தலைமையாசிரியர். விசில் வேண்டுமானால் ஊதுவதாகக் கவின் சார் சொன்னார். மடலில் எழுதிவிட்டால் மேடையில் படித்துத்தானே ஆக வேண்டும் என்று முடிவானது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும் மடலில் இது இருக்கலாமா என்று ஆறுச்சாமி ஐயா தயங்கினார். டீச்சர் வீட்டுச் சுவரில் மாட்டத் தகுந்தது இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டோம்.

மதியச் சாப்பாட்டை நாங்கள் எல்லாரும் புங்க மரத்தடிக்கு மாற்றிக்கொண்டதைக் காலை வழிபாட்டில் பாராட்டினீர்கள். "இயற்கையோடு சேர்ந்து உண்கிற ஆசிரியர்கள்" என்றீர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். காரணம் இயற்கை அல்ல.

டீச்சர், நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். உங்கள் சர்க்கரை அளவு வரைபடத்தில் ஏறாத கோடாக இருக்கட்டும். முழங்கால்கள் இனி மாடிப்படிகளை மறக்கட்டும். கொடுமுடிக் காவிரியில் நீராடப் போனாலும் நீங்கள் நீரைச் சோதித்த பிறகே இறங்குவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்கு என்றும் நடுக்கம் வராதிருக்கட்டும்.

இங்ஙனம், உங்களால் பார்க்கவும் அளக்கவும் கற்றுக்கொண்ட நம் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒருமனதாகக் கையொப்பமிட்டு, உங்கள் முகத்துக்கு நேரே சொல்வது:

பதினொன்றில் உரத்தொட்டி வேண்டாங்க. அது நாறுதுங்க, டீச்சர்.