இருபது வளைவு வழி

தனபால்: வயித்துல எந்தப் பக்கம் வலிக்குதுன்னு சொல்லு கௌரி.

கௌரி: எல்லாப் பக்கமுந்தான். நீங்க சட்டையப் போடுங்க மாமா, ஜீப்பு வந்துரும்.

தனபால்: மழை வர்றாப்புல இருக்குது. களத்துல காப்பிப் பழம் காயுது, தார்ப்பாயை மட்டும் இழுத்துப் போட்டுட்டு...

கௌரி: பக்கத்து ஊட்டுக் கண்ணாயி அக்காகிட்டச் சொல்லிட்டேன். கீர்த்திகாவும் பள்ளிக்கூடம் விட்டு நேரா அவிங்க ஊட்டுக்குத்தான் போவா. நீங்க எதையும் தூக்க வேண்டாமுங்க.

தனபால்: நான் தூக்குனா என்ன? வலி உனக்குத்தானே?

கௌரி: எனக்குத்தான். அதான் எம் பக்கத்துலயே இருங்கன்னு...

தனபால்: நூத்தியெட்டுக்கு அடிக்கட்டுமா?

கௌரி: அடிச்சுட்டேன். மலையேறி நம்ம தலைச்சோலைக்கு வர முக்கா மணி நேரமாகுமாம். அதான் பாஷா அண்ணனைக் கூப்பிட்டேன்.

தனபால்: எப்பக் கூப்பிட்ட?

கௌரி: நீங்க தோட்டத்துல இருந்து வர்றதுக்கு முன்னாடி.

தனபால்: நான் வந்தப்புறந்தானே வலிக்குதுன்ன?

கௌரி: வரும்போலத் தெரிஞ்சுதுங்க.

தனபால்: ஓ... உனக்கு வலி போன் பண்ணிட்டுத்தான் வருமா?

கௌரி: கேலி அப்புறம். அந்தப் பையை... வேண்டாம், நானே எடுத்துக்கறேன்.

தனபால்: இரு. இது என்ர வேட்டி.

கௌரி: ராத்திரி தங்கச் சொன்னா கூட இருக்கறவிங்களுக்கு மாத்துத்துணி வேண்டாமா?

தனபால்: என்ர சக்கரை மாத்திரைச் சீட்டு, என்ர ஆதார்... உன்ர சேலை ஒண்ணைக்கூடக் காணோமே.

கௌரி: ...மறந்துட்டேன். பட்டனைப் போடுங்க.

தனபால்: நீதான் போட்டு உடேன்.

கௌரி: கல்யாணமாகிப் பதினாறு வருசமா இல்லாத ஆசை.

தனபால்: இன்னிக்குத்தான் வந்துச்சு.

கௌரி: வேர்த்திருக்குது உங்களுக்கு... இந்தக் குளிர்ல.

தனபால்: காப்பி மூட்டை தூக்குன வேர்வை. பாய் ஆரன் அடிக்கறாரு பாரு, நட.

பாஷா: வா தங்கச்சி, ரெண்டு பேரும் பின்னால ஏறிக்கங்க. தனபாலு, எந்த வழிப்பா?

தனபால்: குப்பனூர் வழியாப் போங்க பாய். வளைவு கம்மி. இவளுக்கு ஒரு கொண்டை ஊசி வளைவுக்கே குமட்டும்.

கௌரி: வேண்டாமுங்கண்ணா. இருபது வளைவு வழியாவே போங்க. சேலத்துக்கு அதுதான் சுருக்கு.

பாஷா: வயித்து வலியோடயா?

கௌரி: போங்கண்ணா... எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன்.

பாஷா: சரி, கெட்டியாப் புடிச்சுக்கங்க.

தனபால்: கௌரி.

கௌரி: ம்.

தனபால்: உனக்கு வயித்து வலி இல்ல.

கௌரி: இருக்குது.

தனபால்: வயித்து வலிக்காரி இருபது வளைவு கேக்க மாட்டா.

கௌரி: ...மொளகு பறிக்கற ஏணியில இருந்து பாதியில எறங்கி, மரத்தைப் புடிச்சுட்டு நெஞ்சைத் தடவிட்டு நின்னீங்க. வேலியோரத்துல இருந்து பாத்தேன். உங்களுக்கு டாக்டரைப் பாக்கோணுமுன்னு கூப்பிட்டா, பறிப்பு முடியட்டும்பீங்க. எனக்குன்னா ஓடி வருவீங்கல்ல... கோவமா?

தனபால்: கோவமில்ல கண்ணு. பையில என்ர வேட்டியைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் பட்டன் போடச் சொன்னது ஆசையில இல்ல... காலையில இருந்து எடது கையைத் தூக்க முடியல. நானாச் சொல்லப் பயமா இருந்துச்சு, நீ கூப்பிட்டதும் வந்துட்டேன். பாய், கொஞ்சம் வேகமாப் போங்க.