துளிப் பசையும் இல்லை

படகின் தளத்தில் பழைய பசையைச் சரியாகச் சுரண்டாமல் புதிய விரிப்பை ஒட்டியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அது தவறு. அதைத் திருத்துவதற்காகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணைத் தம்பிக்குத் துணையாக உட்கார வைத்திருக்கிறேன். அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்துக்குள் நான் திரும்பியாக வேண்டும்.

விரிப்பை ஒட்டிய பட்டறைக்காரரை நீங்கள் கவனக்குறைவுக்காக விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். படகுத்துறையில் அவருக்குப் பிசின் என்று பெயர். பேச்சில் பிடித்தால் விடமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. வேலையில் அவர்மீது குறை சொல்ல முடியாது. பழைய பசையை நீக்கியது அவர் அல்லர், நான். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள் நான்.

படகு என் தம்பியுடையது. கடலைச் சுற்றிப்பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்வான். அதன் தளத்தில் ஒட்டியிருந்த பழைய ஃபோம் விரிப்பு வெயிலில் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மாற்றச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் திடீரென்று புதிய விரிப்புக்குச் சொல்லிவிட்டு வந்தான். சாம்பல் நிறம்.

"அவங்களுக்கு அந்த நிறம்தான் பிடிக்குமாம்," என்றான்.

அவங்க என்பது தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். கணவரை இழந்தவர். அவருடைய ஊர் துறைமுகத்துக்கே படகைக் கொண்டுபோய், அங்கேயே தங்கிவிடப்போவதாகச் சொன்னான்.

"எனக்கும் வயசாகுதுக்கா. இப்பவாவது போறேனே," என்றான்.

நான் மறுப்புச் சொல்லவில்லை. அம்மா இறந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அன்று முதல் அவன் தட்டு எங்கே இருக்க வேண்டும், துண்டு எந்தக் கொடியில் காய வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. அந்தத் துண்டை மட்டும் வேறொருத்தி எப்படி மடிப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். மறுநாள் பசை நீக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பழைய விரிப்பை உரித்தால் ஃபோம் கையோடு வந்துவிடும். பசை தளத்தோடு தங்கிவிடும். சூடான காற்றை ஊதி இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டும். இரும்புத் தகடு கூடாது. தளத்தின் மேற்பூச்சில் கீறல் விழும். மிச்சத்தைத் தின்னரில் நனைத்த துணியால் ஊறவைத்துக் கட்டைவிரலால் உருட்டி எடுக்க வேண்டும். என் விரல்களின் தோல் உரிந்தது. தம்பி கரையிலிருந்து சிரித்தான்.

"அக்கா, விட்டா படகோட அடியையே சுரண்டிருவ போலிருக்கே."

பிசினும் சேர்ந்துகொண்டார். "அக்கா துடைச்ச இடத்துல ஈ உக்காந்தாலும் வழுக்கி விழுந்துரும்."

அதன் பிறகு தம்பி ஒன்று சொன்னான். அதை அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். "நீயும் இந்தப் பசை மாதிரிதான்க்கா. எவ்வளவு உரிச்சாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகவே நினைவு.

மதியம் இருவரும் சாப்பிடப் போனார்கள். தளம் முழுவதும் சுத்தமாகக் காய்ந்திருந்தது. பின்தளத்தின் வலது மூலைக்கு மட்டும், வீட்டில் மேசை நாற்காலிகளுக்குப் பூசும் மெழுகை எடுத்துப் பூசி, மெல்லிய துணியால் பளபளப்புத் தெரியாதபடி துடைத்தேன். நேற்று நீங்கள் விரலால் தேய்த்துப் பார்த்துப் பழைய பசை என்றது அந்த மெழுகைத்தான். மெழுகின்மேல் ஒட்டிய விரிப்பு முதலில் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். ஓர் ஆளின் எடை குதித்து இறங்கினால் நழுவிவிடும். பிசின் நடுவிலிருந்து ஓரம்வரை உருளையால் அழுத்தி முறைப்படிதான் ஒட்டினார்.

பயணிகள் எல்லோரும் பக்கவாட்டுப் படியில்தான் ஏறுவார்கள். அந்த மூலையில் குதித்து ஏறும் பழக்கம் அவன் ஒருவனுக்கே உண்டு. பிறர்க்குத் தீங்கு நேரக்கூடாது என்பதையும் நான் கருத்தில் கொண்டிருந்தேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஒரு கால் முறிந்தால் போதும் என்றுதான் கணக்கிட்டேன். கால் முறிந்தவன் சில மாதங்கள் வீட்டில் இருப்பான். அதற்குள் அந்த அம்மாளுக்குச் சலித்துவிடும்.

புறப்படும் நாளில் வழியனுப்ப நானும் துறைக்குப் போனேன். "போயிட்டு வரேன்க்கா," என்று சொல்லிவிட்டுக் குதித்தான். விரிப்பு அவன் காலோடு நழுவியது. இன்ஜின் மூடியின் விளிம்பில் அவன் முதுகு மோதியது. முதுகெலும்பு முறியும் என்பது என் கணக்கில் இல்லை. அதற்காக வருந்துகிறேன்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரிப்பு விலகிய வெறும் தளத்தில் அவன் கன்னம் பதிந்திருந்தது. மூச்சை இழுத்தான். மீண்டும் ஒருமுறை இழுத்தான். பிறகு கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டு நாற்காலிகளின் மெழுகு வாசனை அவனுக்குச் சிறுவயது முதல் பழக்கம்.

இப்போது இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வில்லை. வாய் நன்றாக இருக்கிறது, ஆனால் பேசுவதில்லை. நான் அறைக்குள் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். ஜன்னல் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது போலும். கனத்த திரை தைத்துப் போட்டிருக்கிறேன். அந்த அம்மாள் இருமுறை வந்தார். வாசலிலிருந்தே, "ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்க்கா, பேசக்கூட மாட்டேன்," என்றார். அவன் தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே போனபோது தலையணை நனைந்திருந்தது. உறையை மாற்றினேன்.

ஆகவே, பிசினை விட்டுவிடுங்கள். அந்தத் தளத்தில் துளிப் பசையும் இல்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் தம்பியை விசாரித்தபோது அவன் மெழுகைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே நீங்கள் என்னை அழைத்துப் போயிருப்பீர்கள்; அந்த அம்மாள் வந்து அவனைக் கூட்டிப்போயிருப்பார். அவன் சொல்லவில்லை. என்னோடு இருக்கவே அவன் விரும்பினான் என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?