நாய் ஏறிய லிஃப்ட்

கடிகாரத்தின்மேல் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாகத் தலைமை தாங்கும் டொமினிக் அவர்களே! கோலார் தங்கவயல் ரயிலில் நின்றபடியே பெங்களூர் வந்து, இந்த ஆஸ்டின் டவுன் மன்றத்தில்தான் உட்கார இடம் கண்ட அய்யாவு ஐயா உள்ளிட்ட பெரியோர்களே! ஒக்கலிபுரத்திலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் வந்து, குக்கரை அணைத்தோமா என்ற கவலையோடு நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செல்பேசியை இப்போது அணைக்கப்போகும் இளைஞர்களே! ஆம் தம்பி, உங்களைத்தான். அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எழுத்தாளர்கள் சமூகத்தைப் பற்றித் தாம் நினைப்பதை எந்தெந்த உத்திகளால் சொல்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். உருவகம், அங்கதம், முரண்நகை என்று வரிசையாக விளக்கினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நானும் தூங்கிவிடுவேன். ஆகவே ஒரு நாயைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பின்னால் யாரோ "நாயா?" என்கிறார்கள். நாய்தான்! நான்கு கால், ஒரு வால், நல்ல தமிழ்!

நம் வாசகர் வட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிறுகதைப் போட்டிக்கு வரும் கதைகளில் தேறியவற்றைப் பெயரில்லாமல் உறுப்பினர்களுக்கு அனுப்புவோம். எந்த ஊர், எந்தச் சாதி, யாருடைய மனைவி என்று பார்த்து மதிப்பெண் போடக்கூடாது அல்லவா? எழுதியவர் பெயரை இந்த மேடையில்தான் அறிவிப்போம். இந்த ஆண்டு அப்படிப் போன ஒரு கதையை ஒரு நாய் சொல்கிறது. கேளுங்கள்.

"எங்கள் கட்டிடம்போல் ஒழுங்கான கட்டிடம் பெங்களூரில் இல்லை. முன்பக்கம் கண்ணாடி வைத்த லிஃப்ட். அதில்தான் நான் போவேன். என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா வருவாள். பாவம், அவளுக்கு லிஃப்ட் ஏறவே தெரியாது. நான் கூட இருந்தால்தான் ஏறுவாள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில், மருந்துப் பையோடு பின்பக்கம் போய்விட்டாள். வழி தெரியாதவள். நான் இல்லாவிட்டால் அவள் கதி என்ன ஆகும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெங்கடசுப்ரமணியன் சாரும் சிரித்தார். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர், நம் வட்டத்தின் உறுப்பினர், என் அழைப்பை ஏற்று இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், தண்ணீர் வேண்டுமா? வேண்டாமாம். நல்லது.

எங்கள் கட்டிடத்தின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. பணியாளர்கள் பின்புற லிஃப்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது முதல் விதி. வளர்ப்புப் பிராணியோடு வருபவர் முன்புற லிஃப்ட்டில் வரலாம் என்பது இரண்டாம் விதி. இரண்டு விதிகளையும் நாங்கள் தினமும் பார்த்தோம். சேர்த்துப் படித்தோமா? படித்தவர்கள்தானே நாங்கள்? படிக்கவில்லை!

சார் அந்தக் கதையை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். "மேடம், நம்ம பில்டிங் மாதிரியே இருக்கு! எவ்ளோ அழகா பாராட்டி எழுதிருக்காங்க! எங்க பிஸ்கட் பேசற மாதிரியே இருக்கு!" பிஸ்கட் அவர் வீட்டு நாய். பூரிப்பில் கதையை நகலெடுத்து லிஃப்ட்டில் ஒட்டினார். எந்த லிஃப்ட்டில்? முன்புற லிஃப்ட்டில்! அதாவது, எழுதியவர் தனியாக ஏறக்கூடாத லிஃப்ட்டில்!

கை தட்டாதீர்கள். இன்னும் முடிக்கவில்லை.

பல நாள் அது அங்கே இருந்தது. ஏறுகிறவர்கள் படித்தார்கள், இறங்குகிறவர்கள் புன்னகைத்தார்கள். ஒருநாள் ஐந்தாம் மாடி நிருபமா, கணினி வேலை பார்க்கும் பெண், உடைத்துச் சொல்லிவிட்டாள். "அங்கிள், அது நம்மளப் புகழல. கிண்டல் பண்ணுது."

அன்று மாலையே தாள் கிழிந்தது. விசாரணை தொடங்கியது. எழுதியது யார்? தெரிந்தால் அவர் வேலைக்கு உள்ளே வரும் கேட் பாஸ் ரத்து! சமையல்காரம்மாவைக் கேட்டார். "கொத்தில்ல சார், தெரியாது. எழுத எனக்கு ஏது டைமு?" என்றார் அவர். டிரைவர் முனிகிருஷ்ணனைக் கேட்டார். "எனக்கு அவ்ளோ நல்லா எழுத வராது சார். ஆனா நாய் சொன்னது நெஜம்தானே?" என்றார் அவர். எல்லோரையும் கேட்டார். தம் வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

பிறகு சங்கக் கூட்டம். "நம் கட்டிடத்தைக் கேவலப்படுத்தும் கதை" என்று தீர்மானம் கொண்டுவந்தார். நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "கதையில் கட்டிடத்தின் பெயர் இல்லை, தெருவின் பெயர் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. நம் கட்டிடம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

தீர்மானத் தாளைச் சார் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறவில்லை. பலகையையும் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

நண்பர்களே, உத்தி என்றால் என்ன என்று இப்போது புரிகிறதா? அந்த அக்காவே வாய் திறந்து சொல்லியிருந்தால் அது புகார். புகாரை எங்கே வைப்போம்? மேசைக்கு அடியில். கோபமாகச் சொல்லியிருந்தால் திமிர் என்போம். அழுது சொல்லியிருந்தால் ஐயோ பாவம் என்று பழைய புடவை கொடுப்போம். எழுதியவர் கோபப்படவில்லை, அழவில்லை. ஒன்றும் அறியாத ஒரு நாயைப் பேசவிட்டு விலகி நின்றார். நாய்க்குப் புரியாததை நாம் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. புரிந்த கணத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார்? நாயா? அக்காவா? நாம்! சிரித்துக்கொண்டே உள்ளே போனோம், நம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம். இதுதான் அங்கதம். இதுதான் முரண்நகை. இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியாது.

எழுத்தில் அலங்காரம் என்றால் அழகுக்கு என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். உரக்கப் பேசினால் வேலை போகும் இடத்தில், உண்மையைப் பேச ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் உத்தி.

அந்தக் கதைக்குத்தான் முதல் பரிசு. நடுவர் என்ற முறையில் எழுதியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்னது இது: "பரிசு வேணாம்னு சொல்லல மேடம். பேரு மட்டும் சொல்லாதீங்க. கேட் பாஸ் போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாது."

"பெயரில்லாத பரிசை யார் கையில் கொடுப்பேன்?"

"நான் வர்றேன் மேடம். உக்காந்து பாக்குறேன். தைரியம் வந்தா எழுந்து நிக்கிறேன்."

அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள்! அவர் எழாவிட்டால் பரிசு சத்தமில்லாமல் அவர் வீடு போய்ச் சேரும். அவரைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் எழுவதற்கு முன்னால் இன்னொருவர் எழ வேண்டும் என்று நினைக்கிறேன். வெங்கடசுப்ரமணியன் சார், எழுதியவர் யாராக இருந்தாலும் நாளைக் காலை அவருக்குக் கேட் திறக்குமா?

தலையாட்டினால் மைக்கில் கேட்காது சார். டொமினிக், மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"திறக்கும் மேடம்" என்கிறார். நன்றி. உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த லிஃப்ட்?

யோசிக்கிறார். யோசிக்கட்டும், அவசரமில்லை. என்ன சார்?

"எது முதல்ல வருதோ, அதுல."

இப்போது தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! நாலு பேர் முன்னால் தன்னைத் திருத்திக்கொள்வது எளிதல்ல. அந்தக் கைதட்டலில் பாதி அவருக்குத்தான்.

அதோ... கடைசி வரிசை. ஊதாப் புடவை. எழுந்துவிட்டார்! தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து வேலை பார்க்கும் யாமினி! வாம்மா. நடுப்பாதையாகவே வா, ஓரமாக வராதே.

சார் கையில் மைக்கோடு அவளையே திரும்பிப் பார்க்கிறார். அவர் வீட்டில்தான் யாமினி வேலை செய்கிறாள். "நீயாம்மா எழுதினே?" என்கிறார். அவள் பதில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன்:

"பிஸ்கட்டு சொல்லச் சொல்ல எழுதுனேன் சார். அவ்ளோதான்."

இதற்குமேல் நான் பேசினால் பிழையாகிவிடும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும், மைக்கை வாங்கிய துணிவுக்காக வெங்கடசுப்ரமணியன் சாருக்கும் என் நன்றி. மேடை இனி யாமினியுடையது. வணக்கம்.