தண்ணீர் எது வரைக்கும்

பணிமனையில் அன்றிரவு இருந்தவர்கள்: கடைசி வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஓட்டுநர், அவருடைய கண்டக்டர், டயர் மாற்றுகிறவர்கள் இரண்டு பேர், காவலாளி. மழையில் மின்சாரம் போயிருந்தது. ஐந்து பேரும் ஒரே பேருந்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"பேயெல்லாம் உங்க வண்டியிலதான் டிக்கெட் எடுக்காம வருது," என்றார் டயர்காரர்களில் ஒருவர்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. "இது என் மச்சானோட கூட்டாளிக்கு நடந்தது. சிரிக்கறவங்க இறங்கிப் போயிடுங்க."

யாரும் இறங்கவில்லை. அவர் சொன்னது இது.

இரவு இரண்டு மணி இருபது. ஆற்றோரச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. வானொலி நிலையத்தின் டெக்னீஷியன் தூறலில் சைக்கிளை மிதித்துப் போனார். அதிகாரி வரச் சொல்லியிருந்தார். விடிந்தால் நிலையத்துக்குப் பூட்டு.

அரசாங்க நிலையம். ஒரு காலத்தில் மூன்று ஷிஃப்ட். நாடகக்காரர்கள், வாத்தியக்காரர்கள், செய்தி வாசிக்கிறவர்கள் என்று ஜேஜே என்றிருந்த இடம். இரவு ஷிஃப்டுக்குத் தனி வேலை ஒன்று உண்டு. ஆறு பெருகினால் ஜனங்கள் அங்கேதான் போன் செய்வார்கள். "எங்க தெருவுல முதல் படி முழுகிடுச்சு." அறிவிப்பாளர் அதை அப்படியே மைக்கில் சொல்வார். அடுத்த தெருக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டுவார்கள். அப்படித் தப்பிப் பிழைத்தவர்கள் ஏராளம்.

அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து இந்த அதிகாரி வந்தார். ஊழியர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். முதலில் நாடகத்தை வெட்டினார். பிறகு செய்தியை. கடைசியாக இரவு ஷிஃப்டை.

"ராத்திரி எவன்யா ரேடியோ கேக்கறான்? கம்ப்யூட்டர்ல பாட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

இரவில் ஆள் தேவையில்லை என்று ஒரு தாளை நீட்டினார். டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் அவர் வேலையும் போயிருக்கும்.

அந்த மழைக்காலத்திலேயே ஆறு ஊருக்குள் வந்தது. கம்ப்யூட்டர் விடிய விடிய டூயட் பாடியது. ஸ்டுடியோ போன் விடிய விடிய அடித்தது. எடுக்க ஆள் இல்லை... கரையோரத் தெருவில் பதினோரு பேர் வெள்ளத்தோடு போனார்கள். ஒருத்தி டெக்னீஷியனின் தங்கை. போனை இறுக்கிப் பிடித்த கையோடு கிடைத்தாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பழியை மழையின் தலையில் போட்டுவிட்டுக் கோப்பை மூடினார்கள். அப்புறம் நிலையத்தையே மூட உத்தரவு. கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். குறையாமல் என்ன செய்வார்கள்? கேட்டவர்களைத்தான் ஆற்றோடு அனுப்பியாயிற்றே.

அதற்குப் பிறகுதான் அந்த போன்... தினமும் இரண்டு நாற்பதுக்கு அடிக்கும். பாட்டுக்கு நடுவே ரேடியோவிலும் கேட்கும். ஒயரை வெட்டிப் பார்த்தார்கள். அடித்தது. டெக்னீஷியன்தான் ஏதோ வேலை காட்டுகிறான் என்று, கையும் களவுமாகப் பிடிக்கக் கத்தரிக்கோல் நேரிலேயே வந்துவிட்டார்.

இரண்டு நாற்பது.

ட்ரிங்... ட்ரிங்...

ஸ்டுடியோவுக்குள் சேற்று வாடை. வெட்டிய ஒயர் மேசைமேல் கிடந்தது.

"உன் வேலைதானேய்யா இது?"

"எடுத்துத்தான் பாருங்களேன் சார்."

"இத்தனை நாளா நீ ஏன் எடுக்கல?"

டெக்னீஷியன் கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார். எடுத்தால் தங்கையின் குரல் கேட்கும். அவளுக்கு என்ன சொல்வது?

கத்தரிக்கோல் ரிசீவரைக் காதில் வைத்தார். "ஹலோ..."

அவர் சட்டைக்கை நனைந்தது. ரிசீவரிலிருந்து கலங்கல் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு கேக்கறாங்கய்யா... நிறையப் பேரு... லைன்ல நிக்கறாங்க..."

"முதல்ல பேசினது யாரு சார்?"

"ஒரு பொண்ணு. அண்ணன் இருக்காரான்னு கேட்டுச்சு."

உள்ளே போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. டெக்னீஷியன் அவரையே பார்த்தார். அப்புறம் கத்தரிக்கோலின் நெஞ்சில் கையை வைத்தார்.

"இல்லைன்னு சொல்லுங்க. ராத்திரியில ஆள் தேவையில்லைன்னு முடிவு பண்ணினது யாருன்னும் கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லிடுங்க சார்."

உள்ளே ஒரே தள்ளு. கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பினார்.