லயத்து வீட்டு ஏர்கான்

— இல்லம்மா, நீ வாயால செஞ்சு காட்டு. இந்த ஏர்கான் எப்படிக் கத்துது? 'உஸ்'ஸுன்னா, 'டிக் டிக்'குன்னா?

— என்னா யுவனா, வந்ததும் வராததுமா என்னைய ஆட விடுறே? பக்கத்து வீட்டு சாரதா கேட்டா, வேலாயிக்கு சாமி வந்துருச்சுன்னு லயத்து வரிசை வீடு பூரா சொல்லிருவா லா.

— சொல்லட்டும். செஞ்சு காட்டு.

— ம்ம்ம்ம்ம்... கடகட. ம்ம்ம்ம்ம்... கடகட. போதுமா? இதுக்கா கோலாலம்பூர்லேருந்து பஸ் ஏறி வந்தே?

— இதுக்கும்தான். நீ போன் பண்றப்பல்லாம் பின்னால இந்தக் 'கடகட'தான். லோரிக்குள்ள ஒக்காந்து பேசுற மாதிரி இருக்கு. கேளு, ஏர்கான் போட்டதும் 'டிக் டிக்'குன்னா பரவால்ல, பிளாஸ்டிக் குளுந்து சுருங்குது. சலசலன்னாலும் பரவால்ல, குழாய்க்குள்ள கேஸ் ஓடுது. கொளகொளன்னா தண்ணி வெளிய போற வழி அடைச்சிருக்கு. விடாம 'உஸ்'ஸுன்னு வந்தா கேஸ் லீக்கு, ஒடனே நிறுத்தணும். ஒன்னோடது கடகட. உள்ள சுத்துற உருளைல இறக்கை ஒடஞ்சிருக்கும், இல்லாட்டி பேரிங் தேஞ்சிருக்கும்.

— அம்மாடி! டாக்டரு தோத்தான் போ. அது நெஞ்சுல குழாய வச்சுப் பாக்கலியா?

— கிண்டல் பண்ணாதே. இந்த லயத்துலேருந்து மொத ஆளா யுனிவர்சிட்டிக்குப் போயி இதத்தான் படிச்சேன்.

— படிச்ச புள்ள, சும்மா கெடக்கிற மெஷின எதுக்குடி நோண்டுறே? அது ரோசாக் ஆகல லா, எதுவும் கெடல. நல்லாத்தான் ஓடுது.

— இது நல்லா ஓடுறதா? மொதல்ல, மலை மேல எவனாச்சும் ஏர்கான் மாட்டுவானா? ஊரு உலகமே குளுருக்காக இங்க ஏறி வருது. துரை பங்களாவுல கூட நெருப்பு மூட்டுற அடுப்புதான் இருக்கு. என் வீட்டுப் பழைய ஏர்கான தூக்கிப் போட இருந்தேன். நீ அழாத குறையா கேட்டு வாங்கிட்டு வந்தே. லோரி ஓட்டுற ரூபன் அண்ணன் அத ஏத்திட்டு வர்றப்ப, ரிங்லெட் டவுன்ல காப்பிக் கடையே சிரிச்சிச்சாம். அப்பா பேரச் சொல்லி, 'பழனியப்பன் வீட்டுக்கு அடுத்தது ஐஸ் பெட்டியா'ன்னு.

— சிரிக்கிறவன் சிரிக்கட்டும். குளுரா வைக்கிறோம்? வெறும் காத்துதான் போடுறோம்.

— காத்துக்கு ஒரு ஸ்டாண்டு பேன் போதாதா?

— அது கத்தாதே.

— என்னா சொன்னே?

— ஒண்ணும் சொல்லல. பால் இல்லாம தே ஓ கலக்கவா?

— ம்மா. இது கத்தணும்னேதான் வச்சிருக்கியா?

— எனக்கில்லடி. ஒங்கப்பாவுக்கு.

— அப்பாவுக்கா?

— தேயிலை பேக்டரிய மூடுனதுலேருந்து மனுசன் தூங்குனாரா சொல்லு. கொழுந்து எல்லாம் லோரில வேற தோட்டத்துக்குப் போகுது. இங்க மெஷின் நின்னு போச்சு. ராத்திரி எந்திரிச்சு பேக்டரி கேட்டு வரைக்கும் நடந்து போயிர்றாரு. காவலுக்கு நிக்கிற ஜாகா பிடிச்சுக் கொண்டாந்து விட்டான்னு போன்ல சொன்னேன்ல?

— சொன்னே. அதுல பாதி வெக்கமில்லாம அழுகை.

— நான் பின்னாலயே தேடிட்டு ஓடிருக்கேன். தூக்கக் கலக்கம், எனக்கே அது கனவு மாதிரிதான் இருக்கு. அவரு சொல்லித்தான் பாதி தெரியும். அப்பறம் ஒன் வீட்டுல வந்து தங்குனப்ப இந்தச் சனியன் கத்துச்சு பாரு. அம்மா என்னா நெனப்பாளோன்னு ஒனக்கு வெக்கம். நான் தலை சாச்சது தெரியும், விடிஞ்சது தெரியும். அப்படி ஒரு தூக்கம். கொழுந்து வாட்டுற பெரிய பேனு ஓடுமே, அதே சத்தம்டி. இத மாட்டுனா அவரும் தூங்குவாருன்னு நெனச்சேன். தூங்குறாரு. மாட்டுனதுலேருந்து ஒரு நாள் எந்திரிச்சதில்ல.

— அந்த பேன் சத்தம்... நெசம்தான். லேசா அதே மாதிரிதான் இருக்கு.

— கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப, இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறதுன்னு அழுதேன். ஒங்கப்பா தலகாணிய என் காதுல வச்சு அமுக்குவாரு. அப்பறம் பழகிச்சு. வாட்டுற பேனு ஓடுறப்ப ஒரு வாசம் வரும் பாரு, பச்சையா, கொஞ்சம் புளிச்ச மாதிரி, துவச்ச துணிலகூட அந்த வாசம் ஏறும்.

— கரண்டு போனா?

— ஐயோ, கரண்டு போனா! பேனு நின்ன மறு நிமிசம் லயத்துல இருக்கிற அத்தனை கைப்புள்ளையும் ஒண்ணா எந்திரிச்சு கத்தும். நீதான் எல்லாத்துலயும் பெரிய தொண்டை. இருட்டுல பொம்பளைங்க எல்லாம் வாசல்ல நின்னு புள்ளைகள ஆட்டிட்டு, 'எப்பலா போடுவான், எப்பலா போடுவான்'னு கெடப்போம். பேனு திரும்ப ஓட ஆரம்பிச்சதும் ஒரே நேரத்துல எல்லாக் குழந்தையும் அமந்து போகும். யாரும் தாலாட்டு பாட வேணாம்.

— ஹாஸ்டலுக்குப் போனப்ப எனக்கும் தூக்கம் வரலம்மா. கூட இருந்த நாடியா, 'வீட்டு ஞாபகமா'ன்னு கேட்டா. பேக்டரி ஞாபகம்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? குளிக்கிற ரூம் பக்கத்துல தண்ணி மோட்டார் ஓடும். பாயத் தூக்கிட்டுப் போயி அங்க படுத்துக்கிட்டேன்.

— பாத்தியா! என் புள்ள.

— அதுக்காக அந்த பேக்டரிய கும்பிட மாட்டேன். அப்பாவ இளசா எடுத்துக்கிட்டு, சக்கையா துப்பிருச்சு. மூடுற அன்னிக்கு என்னா குடுத்தானுங்க? தோட்டத்துப் பேரு போட்ட ஒரு பீங்கான் கப்பு.

— அதுலதான் இன்னிக்கும் தே ஓ குடிக்கிறாரு.

— அதுதான் எனக்கு எரியுது! நம்ம ஆளுங்க இப்படித்தான், அடிச்சவன் கையையே தேடிட்டு இருக்கிறது. சரி, நேரா சொல்லிர்றேன். நான் ஏர்கானுக்கு மட்டும் வரல. நாளைக்கு அப்பாவ ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேன், மூளை டாக்டருகிட்ட. அங்கேருந்து என் வீட்டுக்கு. தூக்கத்துல நடக்கிற மனுசன இந்தச் சரிவுல வச்சிருக்க முடியாது. ஒரு நாள் கான் பள்ளத்துக்குள்ள விழுந்தா என்னா செய்வே?

— பைத்தியமாடி ஒனக்கு? அவரு இல்லாம நான் இங்க என்னா செய்யிறது?

— நீயும் வா.

— நாங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டா தோட்டத்துக்காரன் வீட்ட அன்னிக்கே பூட்டிருவான். அப்பறம் எங்க திரும்பி வர்றது? வேணாம் யுவனா. சத்தம் இருந்தா அவரு எந்திரிக்கிறதே இல்ல. இத மட்டும் அப்படியே விட்டுரு. ஒன் கையப் பிடிச்சுக் கேக்குறேன்.

— ஒடஞ்ச மெஷின்தான் மருந்தா? ஒரு நாள் மோட்டார் சூடாகி பொகையும். தீப்பிடிக்கும், பலகை வீடு இது. நகரு. புது உருளை கொண்டாந்திருக்கேன். மாட்டிட்டு, அப்பாவையே கேக்குறேன். அவரு வாயால சொல்லட்டும்.

— ஒன் பிடிவாதம் யாருக்கு வந்துச்சோ. இதோ வர்றாரு பாரு. என்னாங்க! ஒங்க மக அத பிரிச்சு மேஞ்சுட்டா!

— பிரிக்கட்டும் வேலாயி. படிச்சவ. திரும்ப மாட்டத் தெரியும்.

— ப்பா, வாங்க. கீழ அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுங்க. என் தலை உள்ள இருக்கு, எடுக்க முடியல. ப்பா! ஸ்க்ரூ டிரைவரு! ம்மா, பாரு, கல்லு மாதிரி நிக்கிறாரு.

— கோவம்டி அவருக்கு. கோவம் வந்தா கூப்புட கூப்புட திரும்ப மாட்டாரு. இப்பல்லாம் அது அடிக்கடி. இந்தா, நானே தர்றேன்.

— கொண்டா. தூசியப் பாரு, ஒரு கோழிக்கு றெக்கை வைக்கலாம். மூணு இறக்கை காணோம், அதான் தடுமாறி தடுமாறி சுத்திருக்கு. ம்... பிடிச்சிருச்சு. மூடிய அமுத்து. சுவிச்சப் போடு.

— போட்டேன். ஓடலியே?

— ஓடுதும்மா. கைய வச்சுப் பாரு, காத்து வருது.

— சத்தமே இல்லியேடி.

— அதான் சரியா ஓடுற மெஷினோட சத்தம்.

— எழவு வீடு மாதிரி இருக்கு. எனக்கு என்னமோ பண்ணுது யுவனா. நான் சாரதா வீட்டுல போயி ஒக்காந்துக்கிறேன். என்னைய கூப்புடாதே.

— ம்மா! ம்மா, நில்லு! பாருங்கப்பா, ஒரு உருளைக்கு இப்படி ஒரு அழுகை. நீங்க இங்க வாங்க, கோவத்த அப்பறம் வச்சுக்கலாம். என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. சத்தத்த நிறுத்திட்டேன். ஒங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா, வராதா?

— இப்ப ஓடுதா அது?

— என்னா கேள்வி இது? காத்து மேல படலியா?

— படுது. நேத்தும் காத்துதான் பட்டுச்சு. அதே காத்து.

— சத்தம் நின்னுருச்சுப்பா. அந்தக் 'கடகட'.

— அந்தப் பக்கம் திரும்பாதம்மா. வாயப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வெளங்கும்.

— என்னா சொல்றீங்க?

— பேக்டரில எல்லாருமே அப்படித்தானே. கொழுந்து உருட்டுற ரோலர் ஓடுறப்ப எவன் பேச்சு எவனுக்குக் கேக்கும்? வாயப் பாப்போம், கையக் காட்டுவோம். அப்படியே வருசம் ஓடிருச்சு. காது போறது எனக்கே தெரியாம போச்சு. கடைசில மெஷின் ஓடுதா இல்லியான்னு தரைல கால வச்சுத்தான் பாப்பேன். அதிர்ந்தா ஓடுதுன்னு அர்த்தம்.

— சுத்தமா கேக்காதா? ஒண்ணுமே?

— ஒண்ணுமே.

— அம்மாவுக்குத் தெரியாதா?

— அவ மூஞ்சிக்கு நேரா வந்து சண்டை போடுறவ. பேச்சு நல்லா புரியும். பின்னாலேருந்து கூப்புட்டு நான் திரும்பலன்னா, கோவம்னு நெனச்சுக்குவா. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அப்ப இந்தச் சத்தம் இருந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அப்பறம் எதுக்குப்பா ராத்திரில எந்திரிச்சு பேக்டரிக்குப் போனீங்க?

— ஒனக்கு நான் போன் பண்ணிச் சொன்னேனா, நான் போனேன்னு?

— அம்மாதான் சொன்னாங்க. ஜாகா ஒங்களப் பிடிச்சுட்டு வந்தான்னு.

— ரெண்டு பேரையும்தான் கூட்டிட்டு வந்தான். அவ தூக்கத்துலயே நடந்து போயி, பேக்டரி கேட்டப் பிடிச்சுட்டு நின்னா. நான் பின்னால போயி நின்னேன். காலைல எந்திரிச்சு, 'என் கால்ல ஏதுங்க இம்புட்டு சேறு'ன்னு பயந்து போயி கேட்டா. 'நான்தான் தூக்கத்துல போயிட்டேன் வேலாயி, நீ என்னையத் தேடிட்டு வந்தே'ன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டு இருக்கா.