ஃபைபர் மூக்கும் ஒரு வில்லைக் கற்பூரமும்

ஃபைபர் வேலை செய்த கையைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், ஐயா. வெந்நீர் பட்டால் அரிப்பு மூன்று நாளைக்கு விடாது. இங்கே லாக்கப்பில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. அந்த வகையில் எனக்குக் குறையில்லை.

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேங்கிக்காலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தசரதன், அறுபது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அங்கே கொண்டுவந்து இறக்கினார். இரண்டே பேர் உட்காரலாம். முன்பக்கத் தகரம் முழுக்கத் துரு. பக்கத்தில் நின்று தும்மினால் கொட்டும். பானெட், மட்கார்டு, மூக்கு எல்லாம் ஒரே துண்டாக ஃபைபரில் கேட்டார். செய்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, வண்டிச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் நான்கு ஊசிப் பூட்டில் அது நிற்கும்.

கோயில் குளம் இரண்டு தடவை வற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். எறும்பு ஏறினால் வழுக்கி இடுப்பு ஒடியும். ஷெட்டுக்கு எதிரே இருக்கும் மலை அதில் தலைகீழாகத் தெரிந்தது. உச்சியில் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தானை எண்ணலாம்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று தசரதனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஃபைபர் மேல் கற்பூரம் வேண்டாம், தட்டில் காட்டினால் போதும். தலையாட்டினார். பூசணிக்காய் உடைத்த கையோடு, மூக்கின் நட்டநடுவில் வெற்றிலையைப் போட்டு, அதன்மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். வெற்றிலை தாங்கும் என்று நினைத்தாராம்.

எட்டணா அகலத்துக்குக் கொப்புளம்.

“விடுங்க சார், பொட்டு வெச்ச மாதிரி இருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதைச் சரிசெய்ய வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்றது. அப்போதுதான் முன் ஊசி இரண்டையும் அறுத்தேன். ஊசித் தலையை மட்டும் பழைய இடத்திலேயே மெழுகில் ஒட்டிவைத்தேன். குனிந்து பார்த்தாலும் தெரியாது. அதுவும் சுத்தமான வேலை.

வண்டியை எடுக்க தசரதன் தன் மனைவி தங்கம்மாளோடு வந்தார். பைபாஸில் எண்பதில் ஒரு தடவை விட்டுப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும் என்றேன். அதற்குள் அந்தம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க இறங்கிக்கங்கம்மா. ரெண்டு பேர் கனத்துல ஆட்டம் தெரியாது.”

“ஒரு ரவுண்டு வந்துட்டு எறங்கிக்கறேன்ணா. இவரு தனியாப் போனா ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டுவாரு.”

வற்புறுத்தி இறக்கினேன். ஷெட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

எண்பதில் காற்று மூக்குக்கு அடியில் புகுந்து, மொத்தத்தையும் தூக்கி அவர் கண் முன்னால் கண்ணாடிமேல் சாத்தியிருக்கிறது. புளியமரம் அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டாவது டீ வேண்டாமென்று அந்தம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

பயமுறுத்தத்தான் நினைத்தேன், ஐயா. சாகடிக்கிற எண்ணம் துளியும் கிடையாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏன் அந்தம்மாவை மட்டும் இறக்கிவிட்டாய் என்கிறீர்கள். இது என்ன கேள்வி. கற்பூரம் வைத்தது அந்தம்மா இல்லையே.