ஒன்பதாம் மாடி ஜன்னல்

அவள்: என்னங்க, சீக்கிரம் வாங்க! நம்ம மொட்டை மாடி தெரியுது. உங்க லிஃப்ட் கம்பெனி சட்டை கொடியில ஆடுது பாருங்க.

அவன்: ரெண்டு தெரு தள்ளி ஹோட்டல். இங்க வந்தும் நம்ம வீட்டையே பாக்குற. பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்.

அவள்: வீட்டுக்குள்ள இருந்தா வீடு எங்க தெரியுது? இதுக்குத்தானே கீழ மல்லுக்கட்டினேன். முதல்ல குடுத்தாங்களே ஒரு ரூம், ஜன்னலைத் திறந்தா பின்பக்கச் சுவரு. கை நீட்டினா பல்லிக்குக் கை குடுக்கலாம்.

அவன்: பாவம், அந்த ரிசப்ஷன்காரர் என்னவோ சொல்ல வந்தாரு. நீ வாயைத் திறக்க விட்டாத்தானே.

அவள்: வாயைத் திறக்கச் சொல்றது எங்க பல் கிளினிக்ல மட்டுந்தான்... அய்யய்யோ, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி யாருன்னு பாருங்க! மூணாவது வீட்டு வாத்தியார். புகை வருது.

அவன்: வந்தா வரட்டுமே.

அவள்: போன மாசம் எங்க டாக்டர்கிட்ட, 'சிகரெட்டா? கையால தொட்டதில்ல'ன்னாரு. பல்லு மேல தார் ரோடே போட்டிருந்துச்சு.

அவன்: டோக்கன் குடுக்கிறதுக்கு உனக்குச் சம்பளம். ஊரார் பல்லைப் பிடிச்சுப் பாக்க யாரு குடுக்கிறா?

அவள்: அது இலவச சேவை. அந்த ஓரத்து மாடியில நாலு மெத்தை காயுது. அப்ப அந்த வீட்டு அக்காவோட நாத்தனார் குடும்பம் கிளம்பியாச்சு. ஒரு வாரம்னு வந்து ஒன்றரை மாசம்! என்னங்க, கேக்குறீங்களா?

அவன்: ம்... படுத்தா உள்ள வாங்குது இந்தப் படுக்கை.

அவள்: காலையில அதை உதறி மடிக்கப்போறது நான் இல்ல. நினைச்சாலே இனிக்குது. வெளியூர் போறேன்னு மூட்டை கட்டி, பஸ்ல இடிபட்டு, திரும்பி வந்து மூணு நாள் துணி துவைச்சு... அதெல்லாம் ஒரு லீவா? இதுதாங்க லீவு. பல் தேய்க்கிற பிரஷ்கூட எடுத்துட்டு வரல. மேசை மேல வச்சிருக்கான்.

அவன்: பதினோரு வருஷமா இந்த ஹோட்டலுக்கு லிஃப்ட் பாக்க வரேன். எப்பவும் பின்வாசல், கையில டூல்ஸ் பை. இன்னைக்கு முன்வாசல்ல வாட்ச்மேன் சல்யூட் அடிச்சாரு. அடிச்சதுக்கு அப்புறந்தான் என்னை அடையாளம் தெரிஞ்சுது. மனுஷனுக்கு முகமே செத்துப்போச்சு. அடிச்ச சல்யூட்டைத் திருப்பி வாங்க முடியுமா?

அவள்: என்னங்க...

அவன்: என்ன?

அவள்: ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?

அவன்: நானா? நீயுந்தான் குசுகுசுன்னு பேசுற.

அவள்: அட ஆமாம்... ஒன்பதாவது மாடியில வந்து உக்காந்துக்கிட்டு!

அவன்: எட்டு வருஷப் பழக்கம். நடுவுல ஒரு பலகைத் தடுப்பு, அந்தப் பக்கம் அப்பா அம்மா. தும்மினாலே 'என்னடா, சளியா'ன்னு கேள்வி வருது.

அவள்: போன வாரம் நீங்க உங்க மேனேஜர் மாதிரி நடிச்சுக் காட்டினப்ப, தலகாணியைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். உறை கிழிஞ்சுபோச்சு. அத்தை காலையில எதுவும் கேக்காம தைச்சுக் குடுத்தாங்க. எனக்கு உசிரே போயிடுச்சு.

அவன்: ம்...

அவள்: மணி நாலரை. அஞ்சுக்குள்ள அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொல்லணும். இன்னொரு பார்ட்டியும் விடாம கேக்குதாம். நாம இல்லைன்னா அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்த தெருவுல அப்படி ஒரு மாடி வீடு இனிமே கிடைக்குமா?

அவன்: தெரியுதுடி. ஆனா எந்த வாயால அம்மாகிட்ட சொல்றது? எட்டு வருஷத்துல உன்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல.

அவள்: அதுதாங்க கஷ்டமே! கடிஞ்சு பேசியிருந்தா எப்பவோ போயிருக்கலாம்.

அவன்: இதுல, அப்பாவுக்குக் குலுக்கல்ல பரிசா விழுந்த இந்த ரூமையும் அவங்க போகாம நமக்குக் குடுத்துட்டாங்க. இங்க படுத்துக்கிட்டே தனிக்குடித்தனம் பேசுறோம். உறுத்துது.

அவள்: எனக்கு அந்தக் குலுக்கலே புரியல. மாமாவுக்கு இதுவரைக்கும் ஒரு சோப்பு டப்பா விழுந்திருக்கா?

அவன்: அதிர்ஷ்டம் சொல்லிக்கிட்டா வரும்?

அவள்: இருங்க இருங்க... நம்ம வீட்டுக் கதவு திறக்குது. மாமா. பின்னாடி அத்தை, குடையோட! முட்டி வலின்னு வாசப்படி தாண்ட மாட்டாங்களே.

அவன்: மருந்துக்கடைக்கா இருக்கும்.

அவள்: மருந்துக்கடையைத் தாண்டியாச்சு. திரும்புறாங்க... என்னங்க, அடுத்த தெரு! அத்தை நடையைப் பாருங்க, வாத்து மாதிரி, ஆனா என்ன வேகம்! அய்யோ, நீலக் கேட்டைத் திறக்குறாங்க!

அவன்: எந்த நீலக் கேட்டு?

அவள்: நம்ம நீலக் கேட்டுதான்! நாம பாத்த வீடு! போச்சு. யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டுக்காரம்மாவைக் கேக்கத்தான் போறாங்க.

அவன்: பதறாத. நானே பேசிடுறேன். இதுக்கு மேல மறைச்சு என்ன ஆகப்போகுது... ஸ்பீக்கர்ல போடுறேன், நீ பேசாம இரு. ஹலோ, அம்மா?

அம்மா: என்னடா? சாப்பிட்டீங்களா? ரூம் வசதியா இருக்கா?

அவன்: எல்லாம் இருக்கு. நீ எங்க இருக்க?

அம்மா: நான் எங்கடா போவேன்? வீட்டுலதான். காலை நீட்டிப் படுத்திருக்கேன்.

அவள்: என்னங்க... மாடி பால்கனியில நிக்கிறாங்க...

அவன்: அப்பா?

அம்மா: அவரும் பக்கத்துலதான், நல்லாத் தூங்குறார்.

அப்பா: ஏய்! இங்க வந்து பாரு, குழாயில தண்ணி பிச்சுக்கிட்டு வருது!

அவன்: தூக்கத்துல பேசுறாரா?

அம்மா: ...கனவு ஏதாவது கண்டிருப்பார்.

அவன்: அம்மா, கொஞ்சம் தலையைத் தூக்கி அந்த உயரமான கட்டடத்தைப் பாரு. ஒன்பதாவது மாடி. வெள்ளைத் துண்டு ஆடுதா? ஆட்டுறது உன் மருமக.

அம்மா: அட பாவிங்களா...

அவள்: முட்டி எப்படி இருக்கு அத்தை?

அம்மா: வலிக்குதுடியம்மா. நிஜமாத்தான்.

அவன்: அங்க என்னம்மா பண்றீங்க?

அம்மா: உங்கப்பாவுக்குக் காது மந்தம்னு தெரியும்ல? மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காது, கத்தினா உங்களுக்குக் கேக்கும். எட்டு வருஷமா பாதிப் பேச்சு சைகையிலதான்டா. வாய்விட்டு ஒரு சண்டை போட்டு எத்தனை நாளாச்சு... அதான், நாங்க ரெண்டு பேரும் தனியா வந்துடலாம்னு...

அவள்: அத்தை! அப்ப அந்த இன்னொரு பார்ட்டி நீங்கதானா?

அம்மா: என்ன இன்னொரு பார்ட்டி? சின்னஞ்சிறுசு ஜோடி ஒண்ணு போட்டிக்கு நிக்குதுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க...

அவன்: நாங்கதாம்மா அது.

அம்மா: வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லடா.

அவன்: நீ சொல்லியிருக்கலாம்ல?

அம்மா: எப்படிடா சொல்றது? மருமக ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. சுளிச்சிருந்தா எப்பவோ கிளம்பியிருப்போம்.

அவள்: அத்தை... அங்க எத்தனை படி ஏறினீங்க?

அம்மா: பதினெட்டு. நடுவுல ரெண்டு தடவை உக்காந்தேன்.

அவள்: லிஃப்ட் மெக்கானிக்கைப் பெத்தவங்களுக்கு இது தேவையா? நீங்க நம்ம வீட்டை விட்டு நகரக் கூடாது. அந்த மாடிக்கு நாங்க போறோம். நீங்க மாமாவைத் தெருவே கேக்கக் கத்துங்க.

அம்மா: ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் சாப்பிட வந்துடணும்.

அவள்: வராம? சண்டை எந்த மட்டும் வந்திருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?

அவன்: அதெல்லாம் சரிம்மா. அப்பாவுக்குக் குலுக்கல்ல ரூம் விழுந்துச்சுன்னாரே...

அம்மா: குலுக்கலாவது ஒண்ணாவது! நாங்க வீடு பாக்கணுமேன்னு, அவரே நேர்ல போய்க் காசு கட்டிப் போட்டுட்டு வந்த ரூம்டா அது. தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிற ரூம் மட்டும் வேணவே வேணாம்னு ரெண்டு தடவை கத்திச் சொல்லிட்டு வந்தார்.